சக்கரங்களின் கதை – 17: நுரையீரலுக்கு டானிக்

பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாய் மாட்டிய கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். டயர் வந்ததும் சைக்கிள் முதுகெலும்பை உடைக்காமல் ஓட ஆரம்பித்தது. ஓடினால் மட்டும் போதுமா, விற்க வேண்டாமா? இந்த வாரம் விற்றவர்களின் கதை. அதை ஒரு காரிலிருந்து தொடங்குவதுதான் வசதி.

ஃபோர்டு மோட்டார் கம்பெனி 1903 ஜூனில் டெட்ராய்ட்டில் பிறந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு மாடல். இரண்டு சிலிண்டர், 8 குதிரைசக்தி, தலைக்கு மேல் வானம். அந்த வண்டிக்காக எழுதிய ஆரம்ப கால விளம்பர வாசகங்களை ஹென்றி ஃபோர்டு 1922-இல் வந்த தன் சுயசரிதையில் பெருமையோடு எடுத்துப் போட்டிருக்கிறார். தொழிலுக்கு உதவும், வீட்டாரோடு உலாப் போக உதவும் என்பதெல்லாம் நாம் எதிர்பார்ப்பதுதான். அதற்கு அடுத்த பத்திதான் விசேஷம். இந்த வண்டி உங்கள் உடல்நலத்துக்காகவும் கட்டப்பட்டதாம். சுமாரான சாலையில்கூடக் குலுக்காமல் கொண்டுபோகுமாம். வெளிக்காற்று மூளையைத் தெளியவைக்குமாம், நுரையீரலுக்கோ டானிக்குகளுக்கெல்லாம் டானிக்காம்.

பெட்ரோல் வண்டி நுரையீரலுக்கு நல்லது! வண்டிக்குப் பின்னால் நின்றவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்று படித்தால் சிரிப்பு வருகிறது. அன்று படித்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். பத்து இருபது வருடமாக இதே பேச்சைப் பத்திரிகைகளில் படித்துப் படித்து அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. வண்டிதான் வேறு. நல்ல காற்று, நரம்புக்குத் தெம்பு, ஊரைவிட்டு விலகிய சாலை, யாரையும் எதிர்பாராமல் கிளம்பும் சுதந்திரம் என்று கார் விளம்பரம் இன்றுவரை விற்கிற அத்தனையும் முதலில் சைக்கிளை விற்க எழுதப்பட்டவை.

எழுதவைத்தவர்களில் முதல் ஆள் பாஸ்டன்காரரான கர்னல் ஆல்பர்ட் போப். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இளம் வயதிலேயே பதவி பெற்றவர். போர் முடிந்தும் கர்னல் பட்டத்தை விடவில்லை, அதுவும் ஒரு விளம்பரம்தானே. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் இங்கிலாந்திலிருந்து வந்த உயரச் சக்கர சைக்கிளைப் பார்த்தார். முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தட்டளவு. கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புறப் போய் விழுவார். இதையும் விற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1878-இல் ஹார்ட்ஃபோர்டு நகரத்துத் தையல் மெஷின் கம்பெனி ஒன்றிடம் 50 சைக்கிள் செய்துதரச் சொன்னார். 'கொலம்பியா' என்று பெயர் வைத்தார். பிறகு காப்புரிமைகளை வளைத்து வளைத்து வாங்கினார்.

போப்பின் சாமர்த்தியம் தொழிற்சாலையில் இருந்ததைவிட அச்சகத்தில் அதிகம் இருந்தது என்பது என் கணிப்பு. சைக்கிளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதட்டும் என்று காத்திருக்காமல் 1882-இல் 'தி வீல்மேன்' என்று தானே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு ஆசிரியராக அமர்த்திய இளைஞர் எஸ்.எஸ். மெக்ளூர், பின்னாளில் சொந்தப் பெயரில் பத்திரிகை நடத்தி அமெரிக்கப் புலனாய்வு எழுத்துக்கே வழி திறந்தவர். சாலை சரியில்லை என்றால் சைக்கிள் விற்காது. அதனால் நல்ல சாலை கேட்டு நடந்த இயக்கத்துக்கும் போப் பணம் கொடுத்தார். எம்.ஐ.டி.யில் சாலைப் பொறியியல் கற்றுத்தரக் கொடை தந்தார். சாலைத் துறை வேண்டும் என்று ஒன்றரை லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி 1893-இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்தச் சாலைகளில் பிறகு ஓடியது எது என்பது நமக்குத் தெரியும்.

அவருக்கு எதிரில் நின்ற பெரிய தடை டாக்டர்கள். 1890-களில் சைக்கிள் மோகம் ஏற ஏற மருத்துவ இதழ்களிலும் நாளிதழ்களிலும் எச்சரிக்கைகள் குவிந்தன. குனிந்து மிதித்தால் கூன் விழும். இதயம் வீங்கும். பெண்களுக்கு வேண்டாத இடத்தில் அழுத்தம் கொடுக்கும். எல்லாவற்றையும் தூக்கி அடித்தது 'சைக்கிள் முகம்' என்ற வியாதி. தொடர்ந்து ஓட்டினால் கண் பிதுங்கி, தாடை இறுகி, முகம் வெளிறிப்போய் அப்படியே நின்றுவிடுமாம். பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். வீட்டுப் படியைத் தாண்டி ஒரு பெண் தன்பாட்டில் போவதற்கு ஊர் எத்தனை வியாதி கண்டுபிடிக்கும் என்பதற்கு இது ஒன்று போதும்.

போப் சண்டைக்குப் போகவில்லை. டாக்டருக்கு டாக்டரையே பதிலாக நிறுத்தினார். சைக்கிள் உடம்புக்கு நல்லது என்று எழுதும் மருத்துவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கட்டுரைகள் வந்தன. அஜீரணம், தூக்கமின்மை, நரம்புத்தளர்ச்சி எல்லாவற்றுக்கும் சைக்கிள் மருந்தாயிற்று. ஒரு பக்கத்தில் வியாதிக்குக் காரணம், எதிர்ப்பக்கத்தில் அதே வியாதிக்கு மருந்து. இரண்டுக்கும் டாக்டர் கையெழுத்து. உடல்நலம் என்ற சொல் விளம்பரத்துக்குள் வந்துவிட்டால் அது யார் பையில் காசு இருக்கிறதோ அவர் பக்கம் சாய்கிறது என்பதை இந்தத் தொடரில் இன்னும் பல இடங்களில் பார்க்கப்போகிறோம்.

மருத்துவமும் வியாபாரமும் கைகோத்த இடத்துக்கு ஒரு நல்ல சாட்சி கிறிஸ்டி சீட்டின் விளம்பரம். ஸ்பால்டிங் என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனி விற்ற சைக்கிள் சீட் அது. விளம்பரத்தில் சைக்கிளும் இல்லை, ஓட்டுகிற அழகியும் இல்லை. இடுப்பெலும்பு மட்டும் இருக்கும், சதையில்லாமல், வெறும் எலும்பாக. ஒரு படத்தில் அந்த எலும்பு பழைய சீட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். சீட்டின் மூக்கு நடுவில் ஏறி எங்கே குத்துகிறது என்பது பார்த்தவுடன் விளங்கும். மற்றொரு படத்தில் கிறிஸ்டி சீட். இரண்டு பக்கமும் தனித்தனி மெத்தை, நடுவில் வழி. எலும்பின் இரண்டு முனைகளும் மெத்தைகளில் சுகமாக அமர்ந்திருக்கும். கணுக்கால் தெரிந்தாலே முகம் சுளித்த காலம் அது. குடும்பப் பத்திரிகையில் பெண்ணின் இடுப்பை வரைய முடியாது. எலும்பாக வரைந்தால் அது விஞ்ஞானம், யாரும் வாய் திறக்க முடியாது. இந்த யுக்தியைக் கண்டுபிடித்தவர் யாராயிருந்தாலும் கெட்டிக்காரர்.

பெண்களிடம் சைக்கிள் போய்ச் சேர்ந்ததில் விளம்பரத்தைவிட வலுவாக வேலை செய்தது ஒரு சின்னப் புத்தகம். மதுவிலக்கு இயக்கத் தலைவி ஃபிரான்சிஸ் வில்லார்டு 53 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, கற்ற கதையை 1895-இல் எழுதி வெளியிட்டார். தன் சைக்கிளுக்கு 'கிளாடிஸ்' என்று பெயர். அவர் உடம்புக்கும் மனசுக்கும் அது தந்த குதூகலத்தை வைத்துச் சூட்டிய பெயர். நாடறிந்த நல்லொழுக்கப் பிரசாரகர், அதுவும் அந்த வயதில், சைக்கிளில் ஏறியபிறகு 'சைக்கிள் முகம்' பேசியவர்கள் குரல் கொஞ்சம் தணிந்தது.

இங்கிலாந்தில் இதே சரக்கு வேறு உருவில் வந்தது. ஃபிராங்க் பௌடன் என்பவர் ஹாங்காங்கில் பணம் சம்பாதித்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஆறு மாதம்தான் என்று டாக்டர் கெடு வைத்தார். இன்னொரு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். ஓட்டினார், பிழைத்தார். தன்னைப் பிழைக்கவைத்த சைக்கிளைச் செய்த நாட்டிங்ஹாம் ராலே தெருப் பட்டறையையே வாங்கிவிட்டார். ராலே கம்பெனி தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை இது. லேகிய விளம்பரத்தின் அச்சு அசல் அமைப்பு இதில் இருப்பதைக் கவனியுங்கள்: கைவிட்ட டாக்டர், கடைசி நம்பிக்கை, அதிசயக் குணம், இப்போது உங்களுக்கும் கிடைக்கும். பௌடன் அத்தோடு விடவில்லை. உடல்நலத்துக்காக சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று புத்தகமே எழுதினார். 1890-களின் நடுவில் ராலே தொழிற்சாலை உலகின் மிகப்பெரிய சைக்கிள் தொழிற்சாலை என்ற பெயரை எட்டியது.

இதே ராலே காலனி நாடுகளுக்குப் போனபோது ஆரோக்கியப் பேச்சைக் கப்பலேற்றவில்லை. ஆப்பிரிக்காவுக்காக அடித்த போஸ்டரில் சிங்கம் துரத்துகிறது, ராலேயில் போகும் ஆள் சிரித்துக்கொண்டே தப்புகிறான். வண்டி முழுக்க எஃகு என்பதுதான் அங்கே சொன்ன செய்தி. நாள் முழுக்க உழைக்கிறவனிடம் உடற்பயிற்சியை விற்க முடியாதல்லவா? நம் பக்கமும் இதே கதைதான். 1949-இல் முருகப்பா குழுமமும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஆலை வைத்துச் செய்த வண்டியின் பெயர் ஹெர்குலிஸ், கிரேக்க பயில்வான். கேரியரில் பால் கேனும் அரிசி மூட்டையும் கட்டியவர்களுக்குப் பயில்வான் பெயர்தான் பொருத்தம், நுரையீரல் டானிக் அல்ல.

பாரிஸ்காரர்கள் வியாதியையும் எலும்பையும் தொடவே இல்லை. 1890-களின் பிரெஞ்சு சைக்கிள் போஸ்டர்களில் தேவதைகள் பறந்தார்கள். கிளாடியேட்டர் கம்பெனியின் போஸ்டரில் ஆடையில்லாத பெண் ஒருத்தி இறக்கை முளைத்த சைக்கிளோடு நட்சத்திரங்களுக்கிடையே பாய்கிறாள். பெடலை மிதிப்பவர் எவருமில்லை, வியர்வை ஒரு துளி இல்லை. (இந்தப் படத்தை லேபிளாக ஒட்டிய ஒயின் பாட்டிலை 2009-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் விற்கக்கூடாது என்று தடுத்தது. நூறு வருடம் கழித்தும் அந்தப் பெண் கண்ணை உறுத்தியிருக்கிறாள்.)

துலூஸ்-லோத்ரெக்கும் 1896-இல் சைக்கிள் போஸ்டர் வரைந்தார். சிம்சன் என்ற சங்கிலிக் கம்பெனிக்காக. முதலில் வரைந்ததில் ஜிம்மி மைக்கேல் என்ற வேல்ஸ் நாட்டுக் குட்டி வீரன் ஓட்டுகிறான். பக்கத்தில் அவனுடைய பயிற்சியாளர் 'சாப்பி' வார்பர்ட்டன் ஒரு பைக்குள் குனிந்து எதையோ துழாவுகிறார். வீரர்களுக்கு ஊக்க மருந்து கொடுப்பவர் என்று வார்பர்ட்டனைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ஆனால் கம்பெனி போஸ்டரைத் திருப்பி அனுப்பியது அதற்காக அல்ல, பெடலும் சங்கிலியும் தப்பாக வரையப்பட்டிருந்ததற்காக. மறுபடி வரைந்துகொடுத்தார்.

ஒரே பத்தாண்டில் இந்தச் சந்தை ஊதிப் பெருத்து வெடித்தது. எல்லோரும் சைக்கிள் செய்தார்கள், விலை சரிந்தது, பணக்காரர்களுக்கு மோகம் தீர்ந்தது. ஆட்கள் அப்படியே அடுத்த வண்டிக்குத் தாவினார்கள். போப் 1897-லேயே ஹார்ட்ஃபோர்டில் மின்சாரக் கார் செய்து காட்டிவிட்டார், பெயர் அதே கொலம்பியா. ஜெர்மனியில் ஓப்பல், பிரான்சில் பெஷோ, இங்கிலாந்தில் ரோவர், ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்லியம் மோரிஸ், அமெரிக்காவில் டாட்ஜ் சகோதரர்கள் என்று பட்டியல் நீளும். ஃபோர்டின் '999' ரேஸ் காரை ஓட்டிப் புகழ் வாங்கித்தந்த பார்னி ஓல்ட்ஃபீல்டு, சைக்கிள் பந்தயக்காரர். லேத்தும் பேரிங்கும் ஏஜென்ட்டுகளும் கைமாறியதுபோல விளம்பர வாசகங்களும் கைமாறின. ஃபோர்டின் நுரையீரல் டானிக் அங்கிருந்து வந்ததுதான். டாக்டர்களும் கூடவே வந்தார்கள், இம்முறை வாடிக்கையாளர்களாக. குதிரைவண்டியில் நோயாளி வீடுகளுக்கு அலைந்த அவர்கள்தான் காரின் முதல் வரிசை வாங்குநர்கள். டாக்டரே வாங்குகிற வண்டி என்பதைவிட நல்ல சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

காற்று வாதத்துக்கு ஒரு காலம் வரை நியாயம் இருந்தது. ஆரம்பக் கார்களுக்குக் கூரையில்லை, கண்ணாடியில்லை. 1920-களில் மூடிய கார்கள் மலிந்ததும் அது சத்தமில்லாமல் விலகியது. அதன் இடத்துக்கு வந்தது கனவு. 1923 ஜூனில் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் கிளீவ்லாந்தின் ஜோர்டன் கார் கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது. முதலாளி நெட் ஜோர்டனே எழுதியது. வயோமிங் வழியாக ரயிலில் போனபோது, குதிரைமேல் ஒரு பெண் ரயிலோடு போட்டி போட்டு வந்ததை ஜன்னல் வழியே பார்த்தாராம். அதிலிருந்து பிறந்தது வாசகம். லாரமி ஊருக்கு மேற்கே எங்கோ ஒரு பெண், குதிரை, காற்று, அவளுக்கென்றே செய்த கார். எத்தனை குதிரைசக்தி, என்ன பிரேக் என்று ஒரு வார்த்தை கிடையாது. விளம்பர உலகம் இன்றும் அந்தப் பக்கத்தைப் பாடமாக வைத்திருக்கிறது. ஜோர்டன் கம்பெனி 1931-இல் மூழ்கிவிட்டது.

அந்த 1923-இன் மறுபாதியில் சின்சினாட்டி நகரில் நடந்ததை விளம்பர வரலாற்றுப் புத்தகங்கள் லாரமியின் பக்கத்தில் வைப்பதில்லை. வைக்க வேண்டும். அமெரிக்க நகரங்களில் கார் மோதி இறந்தவர்களில் பெரும்பகுதி நடந்துபோனவர்கள், அதிலும் குழந்தைகள் ஏராளம். ஊர்கள் நினைவுச்சின்னம் எழுப்பின, பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். சின்சினாட்டியில் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நகருக்குள் ஓடும் ஒவ்வொரு காரிலும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி மாட்ட வேண்டும், மணிக்கு 25 மைலைத் தாண்டினால் எஞ்சின் தானாக அடங்க வேண்டும் என்பது கோரிக்கை. நவம்பரில் வாக்கெடுப்பு.

கார் வியாபாரிகளுக்கு விஷயம் சட்டென்று உறைத்தது. குதிரைவண்டியைவிட காருக்கு இருந்த ஒரே பெரிய அனுகூலம் வேகம். அதைப் பூட்டிவிட்டால் விற்பதற்கு என்ன மிஞ்சும்? டீலர்களும் ஆட்டோமொபைல் கிளப்பும் பணம் திரட்டினார்கள். பத்திரிகைகளில் முழுப்பக்கம் முழுப்பக்கமாக விளம்பரம். ஊரைச் சுற்றிச் சீனப் பெருஞ்சுவர் எழுப்பப்போகிறார்கள், தொழில் படுத்துவிடும், வெளியூர்க்காரன் எட்டிப் பார்க்க மாட்டான் என்றார்கள். செத்த குழந்தைகளைப் பற்றி எதிர்வாதமே வைக்கவில்லை, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். மனு படுதோல்வி அடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சாலையில் இறங்கி நடப்பவன்தான் விதிமீறுபவன் என்ற பிரசாரம் நாடு முழுக்கப் பரவியது. 1925-இல் லாஸ் ஏஞ்சலஸ் அதைச் சட்டமாகவே எழுதியது. உடல்நலம் என்று ஒரு காலத்தில் காரை விற்றவர்கள், காரால் வரும் சாவை நடப்பவனின் கவனக்குறைவாக்கிய கதை இது. இதற்கு ஆன விளம்பரச் செலவுதான், என் பார்வையில், மோட்டார் தொழில் செய்ததிலேயே லாபகரமான செலவு.

நடுவில் வந்த ஐம்பது அறுபது வருடத்தைத் தாண்டிப் போகலாம். சைக்கிள் பணக்கார நாடுகளில் குழந்தைகளின் பிறந்தநாள் பரிசாகச் சுருங்கியது, காருக்குக் கனவுகள் கூடின. மறுபடி இரண்டும் விளம்பரத்தில் நேருக்கு நேர் மோதியது இந்த நூற்றாண்டில்தான். 2011 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், கல்லூரி மாணவர்களுக்குத் தள்ளுபடி அறிவித்து வளாகப் பத்திரிகைகளில் ஒரு படம் போட்டது. சைக்கிளில் போகிற பையன், பக்கத்தில் காரில் போகும் பெண்ணிடமிருந்து முகத்தை மறைத்துக்கொள்கிறான். மிதிப்பதை நிறுத்து, ஓட்டத் தொடங்கு என்பது செய்தி. எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனி மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. ஒரு காலத்தில் எலும்பைப் பற்றி எச்சரித்தார்கள், இப்போது அவமானத்தைப் பற்றி. முகம் மட்டும் இரண்டிலும் மாட்டிக்கொள்கிறது.

2014 ஜனவரியில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சைக்கிளில் போகிறவருக்கு, குதிரைக்குக் கொடுப்பதுபோல் இடம்விட்டு முந்துங்கள் என்று கார்க்காரர்களுக்குச் சொல்லும் ஸ்காட்லாந்து விழிப்புணர்வு விளம்பரம் அது. புகார் ஐந்தே ஐந்து. படத்தில் சைக்கிள் ஓட்டும் பெண் ஹெல்மெட் போடவில்லை, சாலை ஓரத்தை ஒட்டிப் போகவில்லை என்று விளம்பரத்துக்குத் தடை போட்டார்கள். பிரிட்டனில் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. கூச்சல் எழுந்ததும் தடையை நிறுத்திவைத்தார்கள், பிறகு தீர்ப்பையே மாற்றினார்கள். மலைப்பாதையில் சீறிப் பாயும் கார் விளம்பரங்கள் அதே தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தன.

2020 ஜூனில் பிரான்ஸ். வேன்மூஃப் என்ற டச்சுக் கம்பெனியின் மின்சார சைக்கிள் விளம்பரம். பளபளக்கும் கறுப்புக் கார் ஒன்று. அதன் உடம்பில் புகைபோக்கிகள், போக்குவரத்து நெரிசல், விபத்து எல்லாம் பிரதிபலிப்பாக ஓடுகின்றன. பிறகு கார் உருகி வழிந்து, அதிலிருந்து ஒரு சைக்கிள் எழுகிறது. கார் என்ற சொல்லோ எந்தக் கம்பெனியின் பெயரோ வரவில்லை. பிரெஞ்சு விளம்பர ஒழுங்கமைப்பு இதைத் தொலைக்காட்சியில் அனுமதிக்க மறுத்தது. ஒரு தொழில்துறை முழுவதையும் இழிவுபடுத்துகிறது, பார்ப்பவர்களிடம் பதற்றத்தை உண்டாக்குகிறது என்று காரணம் சொன்னார்கள்.

அதே பிரான்சில் 2022 மார்ச் 1 முதல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு கார் விளம்பரமும் மூன்று வாசகங்களில் ஒன்றைத் தாங்கியிருக்க வேண்டும்: கிட்டத்தில் போவதற்கு நடங்கள் அல்லது சைக்கிளில் போங்கள், ஒரே காரில் சேர்ந்து போவதை யோசியுங்கள், அன்றாடத்துக்குப் பொதுப் போக்குவரத்தைப் பிடியுங்கள். மீறினால் 50,000 யூரோ வரை அபராதம். கார்க் கம்பெனிகள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டன. ஆளில்லாத கடற்கரைச் சாலையில் கார் முன்போலவே பறக்கிறது. திரையின் அடியில், சைக்கிளில் போகச் சொல்லும் வரி வந்து போகிறது. பதற்றம் உண்டாக்கிய வேன்மூஃப் 2023-இல் திவாலாகி வேறு கைக்கு மாறியது.

அடுத்த வாரம் நெதர்லாந்து. 1970-களின் தொடக்கத்தில், குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று தெருவில் உட்கார்ந்த பெற்றோர்களின் கதை.